உட்கார்ந்து ஓட்டும் புல்வெட்டியின் கியர்பொக்ஸ்: கடற்கரை ஊரில் துப்புரவும் பராமரிப்பும் குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருகோணமலையில், உப்புவெளியிலிருந்து நிலாவெளி வரை கடலோரமாக அமைந்த விடுதிகளிலும், உவர்மலையின் பழைய வளவுகளிலும், மைதானங்கள் சிலவற்றிலும் உட்கார்ந்து ஓட்டும் புல்வெட்டிகள் இப்போது ஓடுகின்றன. அவற்றைத் திருத்திக் கொடுப்பவன் என்ற முறையில் என்னிடம் வரும் முறைப்பாடுகளில் பெரும்பாலானவை எஞ்சினைப் பற்றியவை அல்ல. "எஞ்சின் நல்லாத்தான் ஓடுது, வண்டிதான் இழுக்குதில்லை" என்பதே வழக்கமான பேச்சு. இந்த ஊரில் கியர்பொக்ஸ் உள்ளேயிருந்து கெடுவதைவிட வெளியேயிருந்து கெடுவதே அதிகம் என்பது என் அனுபவம். புல்தூசு, கடற்கரை மணல், உப்புக்காற்று ஆகிய மூன்றும் அதன் வெளிப்புறத்தில் படிந்து, உள்ளே இருக்கும் எண்ணெயைக் கொதிக்க வைக்கின்றன. கீழே உள்ள பதில்கள் பெரும்பாலும் அந்த ஒரு விடயத்தைச் சுற்றியே அமைந்திருப்பதற்கு அதுவே காரணம்.

எங்களுடைய இயந்திரத்தில் இருப்பது எந்த வகைக் கியர்பொக்ஸ் என்று எப்படி அறிவது?

வேகத்தைக் கூட்டவும் குறைக்கவும் ஒன்று, இரண்டு, மூன்று என்று இலக்கமிட்ட தடி இருந்து, அதை மாற்றும்போது கிளச்சை மிதிக்க வேண்டியிருந்தால் அது பல்லுச்சக்கரங்கள் கொண்ட சாதாரண கியர்பொக்ஸ். முன்னுக்கு ஒன்று, பின்னுக்கு ஒன்று எனக் காலால் அழுத்தும் மிதிகள் இருந்து, அழுத்த அழுத்த வேகம் படியில்லாமல் சீராக ஏறினால் அது ஹைட்ரோஸ்டாட்டிக் வகை. பின்பக்கத் தகட்டின் கீழே, இழுத்துவிடக்கூடிய ஒரு சிறிய கம்பி இருந்தாலும் அதே வகைதான். அந்தக் கம்பியைப் பற்றிப் பின்னர் சொல்கிறேன். இரண்டு கைத்தடிகளால் திருப்பி ஓட்டும் இயந்திரங்களில் ஒவ்வொரு பின்சக்கரத்துக்கும் தனித்தனி ஹைட்ரோஸ்டாட்டிக் தொகுதி இருக்கும். இறப்பர் விளிம்புள்ள சில்லு ஒன்று இரும்புத் தட்டில் உரசி ஓடும் பழைய வகைகளும், விரிந்து சுருங்கும் கப்பிகளில் பெல்ட் ஓடும் வகைகளும் உலகில் இருக்கின்றன. இங்கே நான் கண்டவை மிகக் குறைவு. என்னிடம் வருபவற்றில் பெரும்பான்மை ஹைட்ரோஸ்டாட்டிக் என்பதால் வேறு வகையைப் பெயர் சொல்லிக் குறிப்பிடாத இடங்களில் அதையே பேசுகிறேன் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

ஹைட்ரோஸ்டாட்டிக் பெட்டிக்குள் என்னதான் நடக்கிறது? சூட்டைப் பற்றி ஏன் இவ்வளவு பேசுகிறார்கள்?

எஞ்சினிலிருந்து வரும் பெல்ட் ஒரு பம்பைச் சுழற்றுகிறது. அந்தப் பம்புக்குள் சிறிய பிஸ்டன்கள் வட்டமாக அடுக்கப்பட்டு, சாய்க்கக்கூடிய ஒரு தட்டின் மீது சுழல்கின்றன. தட்டு நேராக நிற்கும்வரை பிஸ்டன்கள் சுழன்றாலும் உள்ளும் வெளியும் அசைவதில்லை, எண்ணெயும் நகர்வதில்லை, வண்டியும் நிற்கிறது. நீங்கள் மிதியை அழுத்தும்போது அந்தத் தட்டு சாய்கிறது. பிஸ்டன்கள் எண்ணெயைத் தள்ளத் தொடங்குகின்றன. தள்ளப்பட்ட எண்ணெய் இன்னொரு பக்கத்தில் உள்ள எண்ணெய் மோட்டாரைச் சுழற்ற, அது பல்லுச்சக்கரங்கள் வழியாகப் பின் அச்சை ஓட்டுகிறது. தட்டு மறுபக்கம் சாய்ந்தால் எண்ணெய் எதிர்த்திசையில் போகும். வண்டி பின்னுக்கு வரும்.

இங்கே எண்ணெய் மூன்று வேலைகளை ஒன்றாகச் செய்கிறது: விசையைக் கடத்துகிறது, உராய்வைத் தடுக்கிறது, சூட்டை வெளிச்சுவருக்குக் கொண்டுவருகிறது. பிஸ்டனுக்கும் அதன் துளைக்கும் இடையே உள்ள இடைவெளி மயிரிழையிலும் மெல்லியது. எண்ணெய் சூடாகி நீர்த்துப் போனால் அந்த இடைவெளியால் ஒழுகி, தள்ள வேண்டிய இடத்துக்குப் போகாமல் உள்ளேயே சுற்றுகிறது. அப்படி ஒழுகும் எண்ணெய் மேலும் சூட்டை உண்டாக்குகிறது. ஒரு சூடு இன்னொரு சூட்டைப் பெறுகிறது. இதைத் தணிப்பதற்குப் பெட்டியின் வெளிச்சுவரில் உள்ள உலோகச் செதில்களையும், மேலே பெல்ட் கப்பியோடு சேர்ந்து சுழலும் ஒரு பிளாஸ்டிக் காற்றாடியையும் தவிர வீட்டுப் பாவனை இயந்திரங்களில் வேறெதுவும் இல்லை. அந்தச் செதில்களுக்கிடையே புல் அடைந்துவிட்டால், கச்சான் என்னும் வறண்ட காற்று வீசும் காலத்து நண்பகலில் கம்பளி போர்த்திக்கொண்டு ஓடுபவனின் நிலைதான் அதற்கு.

எத்தனை நாளுக்கு ஒருமுறை துப்புரவு செய்ய வேண்டும்?

மணிக்கணக்கைவிடப் பருவத்தைப் பார்த்துச் செய்வதே இங்கு பொருந்தும். மே தொடக்கம் செப்டெம்பர் வரை கச்சான் வீசும் மாதங்களில் புல் காய்ந்து, வெட்டும்போது பொடியாகப் பறக்கிறது. அது செதில்களுக்குள் எளிதாக நுழைந்து, சிறிதளவு எண்ணெய்க் கசிவு இருந்தாலும் அதில் ஒட்டிக் களிமண்ணைப் போல் இறுகிவிடும். வெயில் 35 பாகை செல்சியஸைத் தாண்டும் நாட்கள் அக்காலத்தில் பல. ஆகவே அப்போது ஒவ்வொரு வெட்டுக்குப் பின்னும் காற்றாடியைப் பார்ப்பதும், வாரம் ஒருமுறை செதில்களைச் சுத்தம் செய்வதும் அவசியம். மாரி மழை தொடங்கியபின் ஈரப்புல் கட்டியாக ஒட்டும். ஆனால் வெளிச்சூடு குறைவாக இருப்பதால் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை போதும். கடலிலிருந்து கூப்பிடுதூரத்தில் இருக்கும் வளவுகளில் பருவம் எதுவானாலும் வாரம் ஒருமுறை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

துப்புரவைச் சரியாகச் செய்வது எப்படி?

இயந்திரத்தைச் சமதரையில் நிறுத்தி, நிறுத்தும் பிரேக்கைப் போட்டு, திறப்பைக் கழற்றிச் சட்டைப் பைக்குள் வைத்துவிட்டு, ஸ்பார்க் பிளக்கின் வயரையும் கழற்றிவிடுங்கள். குறைந்தது ஒரு மணித்தியாலம் ஆறவிட வேண்டும். ஆறாத பெட்டியைத் தொட்டுக் கையைச் சுட்டுக்கொள்ளும் ஆபத்தோடு, சூடான அலுமினியத்தில் குளிர்ந்த ஈரத்துணி வைப்பதும் நல்லதல்ல.

ஆசனத்தை உயர்த்தி, பின்பக்கம் கீழிருந்தும் மேலிருந்தும் கைவிளக்கால் பாருங்கள். காற்றாடியின் எல்லா இதழ்களும் இருக்கின்றனவா என்பதே முதற்கேள்வி. ஒரு குச்சி தெறித்து இரண்டு இதழ்கள் உடைந்திருந்தால் காற்றோட்டம் குறைவதோடு, அது சமநிலையின்றி ஆடத் தொடங்கும். விலை குறைந்த அந்தக் காற்றாடியை மாற்றாமல் விட்டு விலை கூடிய பெட்டியை இழந்தவர்களை நான் அறிவேன். அடுத்து, செதில்களுக்கிடையே உள்ளதை உலர்நிலையிலேயே எடுங்கள். இதற்கு நான் கண்ட மிகச் சிறந்த கருவி தென்னோலை ஈர்க்கு. இரும்புக் கம்பியோ திருகாணி முடுக்கியோ ஒயில் சீலை, அதாவது எண்ணெய் ஒழுகாமல் அச்சைச் சுற்றித் தடுக்கும் இறப்பர் வளையத்தை, கிழித்துவிடும். இவை எட்டாத இடத்தையும் ஈர்க்கு எட்டும், வளையும், எதையும் காயப்படுத்தாது. ஈர்க்கால் கிளறியபின் வன்மையான தூரிகையால் தேய்த்து, காற்றழுத்தக் கருவி இருந்தால் குறைந்த அழுத்தத்தில், உள்ளிருந்து வெளிப்பக்கமாக ஊதிவிடுங்கள். கண்ணுக்கு மறைப்பு அணியாமல் ஊத வேண்டாம். காய்ந்த புல்லோடு மணலும் சேர்ந்து பறக்கும்.

எண்ணெயோடு கட்டியாகிப்போன அழுக்கைச் சவர்க்காரத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் துடைத்து எடுக்கலாம். மண்ணெண்ணெயில் தோய்த்த துணியைப் பலர் பாவிக்கிறார்கள். உலோகத்தில் அது நன்றாக வேலை செய்யும், ஆனால் பெல்ட்டில் பட்டால் பெல்ட் வழுக்கத் தொடங்கும், ஒயில் சீலின் இறப்பரும் காலப்போக்கில் ஊதிப்போகும் என்பதால் நான் தவிர்க்கிறேன். உப்புப் படிந்திருப்பதாக உணர்ந்தால் நன்னீரில் நனைத்த துணியால் ஒருமுறை துடைத்து, உடனே உலர்துணியால் ஈரத்தை எடுத்து, பின் இயந்திரத்தைச் சில நிமிடங்கள் ஓடவிட்டு மீதி ஈரத்தையும் காயவையுங்கள்.

முடிப்பதற்கு முன் பெட்டியின் மேலே உள்ள சுவாசத்துளையை அல்லது சிறு எண்ணெய்த் தொட்டியின் மூடியைப் பாருங்கள். எண்ணெய் சூடாகி விரியும்போது உள்ளிருக்கும் காற்று அதன் வழியே வெளியேற வேண்டும். நீண்டநாள் நின்ற இயந்திரங்களில் குளவி மண்கூடு கட்டி அதை அடைத்திருப்பதைக் கண்டிருக்கிறேன். அடைத்த துளை உள்ளே அழுத்தத்தை ஏற்றி, ஒயில் சீலைத் தள்ளிவிடும்.

வாகனம் கழுவும் அழுத்த நீரால் அடித்துக் கழுவினால் வேலை விரைவாக முடியுமே?

முடியும், அடுத்த வேலையும் விரைவாக வரும். தொழில் தொடங்கிய காலத்தில் நானும் ஒரு விடுதியின் இயந்திரத்தை அப்படித்தான் பளபளவெனக் கழுவிக் கொடுத்தேன். இரண்டு மாதத்தில் அச்சின் ஒயில் சீலால் ஒழுகிக்கொண்டு அது திரும்பி வந்தது. திறந்து பார்த்தபோது சீலின் உதட்டுக்குள் மணல் அரைத்திருந்தது. அழுத்த நீர்தான் அந்த மணலை உள்ளே தள்ளியிருந்தது. ஒயில் சீல் உள்ளிருக்கும் எண்ணெயை வெளிவிடாமல் தடுக்க அமைக்கப்பட்டதேயன்றி, வெளியிலிருந்து பாயும் நீரைத் தடுக்க அமைக்கப்பட்டதன்று. வெட்டும் தகட்டின் அடிப்பகுதியை நீரால் கழுவுங்கள், அதில் தவறில்லை. பின் அச்சின் பக்கம் குழாயைத் திருப்ப வேண்டாம்.

"ஆயுள் முழுவதும் எண்ணெய் மாற்றத் தேவையில்லை" என்று கையேடு சொல்கிறது. அதை நம்பலாமா?

கையேட்டை எழுதியவர் மனதில் வைத்திருக்கும் ஆயுள் எத்தனை மணித்தியாலம் என்பதுதான் கேள்வி. டஃப் டோர்க் நிறுவனத்தின் கே46 போன்ற, வீட்டுப் பாவனை இயந்திரங்களில் மிகப் பரவலாகப் பூட்டப்படும் தொகுதிகளில் எண்ணெய் வடிக்கும் போல்ட் இல்லை. வாரத்துக்கு ஒருநாள் அரை ஏக்கர் சமதரையில் ஓடும் வீட்டுக்காரரை எண்ணி அவை செய்யப்பட்டவை. அதே தொகுதியை இங்கே ஒரு விடுதி வளவில் வாரத்துக்கு நான்கு நாள், வெயிலுக்குள் ஓட்டும்போது அந்தக் கணக்குப் பொருந்தாது. பிஸ்டனும் பல்லுச்சக்கரமும் தேயும்போது வரும் மெல்லிய உலோகத்தூள் எண்ணெயில் கலக்கிறது. உள்ளிருக்கும் காந்தங்கள் இரும்பை மாத்திரம் பிடிக்கும், மற்றவை சுற்றிக்கொண்டேயிருக்கும். கடுமையாக உழைக்கும் அத்தகைய இயந்திரத்துக்கு 200 மணித்தியாலத்துக்குள் ஒருமுறையாவது எண்ணெயை மாற்றிவிடுவது என் வழக்கம்.

பெரிய வகைகளில் வடிக்கும் போல்ட்டும் வெளியே மாற்றக்கூடிய வடிகட்டியும் உண்டு. அவற்றுக்கு முதல் மாற்றம் 50 முதல் 100 மணித்தியாலத்துக்குள்ளும், அதன்பின் வகையைப் பொறுத்து 200 முதல் 400 மணித்தியாலத்துக்கு ஒருமுறையும் வரும். முதல் மாற்றத்தைத் தவறவிடாதீர்கள். புதுப்பாகங்கள் ஒன்றோடொன்று பொருந்தும்போது உதிரும் தூள் அப்போதுதான் மிக அதிகம்.

எந்த எண்ணெய் ஊற்ற வேண்டும்? லான்ட்மாஸ்டர் உழவு இயந்திரத்துக்கு ஊற்றும் கியர் ஒயில் வீட்டில் இருக்கிறது.

அதை லான்ட்மாஸ்டருக்கே வைத்திருங்கள். 90, 140 என்று வரும் கியர் ஒயில் இந்தப் பம்புக்கு ஏற்றதல்ல. ஹைட்ரோ கியர் நிறுவனத்தின் தொகுதிகள் பலவற்றுக்கு 20டபிள்யூ-50 எஞ்சின் ஒயில் சொல்லப்பட்டிருக்கிறது; டஃப் டோர்க்கின் சிறிய தொகுதிகளுக்கு 10டபிள்யூ-30 எஞ்சின் ஒயிலும், பின்னாளில் 5டபிள்யூ-50 செயற்கை ஒயிலும் பரிந்துரைக்கப்பட்டன. எங்கள் வெயிலுக்கு, கையேடு இரண்டுக்கும் இடம் கொடுத்தால், சூட்டில் தடிப்பு மாறாமல் நிற்கும் செயற்கை ஒயிலுக்குக் கூடுதல் காசு கொடுப்பது தகும். சில தொகுதிகளில் பிரேக் தட்டுகளும் அதே எண்ணெயில் மூழ்கியிருக்கும் என்பதால், கடையில் விற்கும் உராய்வு குறைக்கும் மருந்துகளைச் சேர்க்க வேண்டாம். கார்களின் ஒட்டோ கியர் எண்ணெயையும் கையேடு சொன்னாலன்றி ஊற்ற வேண்டாம்.

வடிக்கும் போல்ட் இல்லாத பெட்டியில் எண்ணெயை எப்படி மாற்றுவது?

பெட்டியையே கழற்றிக் கவிழ்க்க வேண்டும், வேறு வழியில்லை. பின்பக்கத்தை உயர்த்தி, தாங்குகட்டைகள் வைத்து, சக்கரங்கள், பெல்ட், மிதிக்கும் பிரேக்குக்கும் போகும் கம்பிகள் ஆகியவற்றைக் கழற்றியபின் நான்கைந்து போல்ட்டுகளில் தொகுதி முழுவதும் கீழே இறங்கும். உயர்த்தி வைக்கக் கொங்கிறீற் கல்லைப் பாவிக்காதீர்கள், சுமையில் அது சொல்லாமல் உடையும். தடித்த பாலைமரத் துண்டு கிடைத்தால் அதைவிட நம்பகமானது இங்கே இல்லை. கழற்றும் ஒவ்வொரு கட்டத்தையும் கைபேசியில் படமெடுத்துக்கொள்ளுங்கள். கம்பியின் எந்தக் கொக்கி எந்தத் துளையில் இருந்தது என்பது மூன்றாம் நாள் நினைவில் இராது.

எண்ணெய் ஊற்றும் மூடியைச் சுற்றித் துப்புரவாகத் துடைத்தபின்பே மூடியைத் திறக்க வேண்டும். இந்த ஒரு வரியை மறந்தவர்கள் பழைய எண்ணெயை எடுத்துவிட்டு மணலை உள்ளே விட்டார்கள். தொகுதியைக் கவிழ்த்து ஓரிரவு வடியவிட்டு, வடிந்த எண்ணெயை அளந்து பாருங்கள். கே46 போன்றவற்றில் ஏறக்குறைய 2 லீற்றர் கொள்ளும். அதைவிட மிகக் குறைவாக வந்தால் எங்கோ கசிவு இருந்திருக்கிறது என்று பொருள். புதிய எண்ணெயை மெதுவாக ஊற்றி, உள்ளீட்டு அச்சைக் கையால் சுழற்றி, குமிழிகள் மேலே வரவிட்டு, மீண்டும் குறித்த மட்டத்துக்கு நிரப்புங்கள். விளிம்புவரை நிரப்பக்கூடாது, ஏனெனில் சூடானால் எண்ணெய் விரிவதற்கு இடம் வேண்டும்.

எண்ணெய் மாற்றியபின் வண்டி நகரவே மறுக்கிறது. கெடுத்துவிட்டேனா?

பெரும்பாலும் இல்லை. உள்ளே காற்று அகப்பட்டிருக்கிறது. காற்றை அழுத்தினால் அது சுருங்குமேயன்றி எதையும் தள்ளாது. பின்சக்கரங்கள் தரையில் படாதபடி உயர்த்தி, முன்சக்கரங்களுக்கு அடை வைத்து, முன்பு சொன்ன பின்பக்கக் கம்பியை இழுத்து விடுவிப்பு நிலையில் வையுங்கள்; இதுவே விடுவிப்புக் கம்பி, இழுத்தால் எண்ணெய் சக்கரத்தைத் தள்ளாமல் குறுக்குவழியில் திரும்பிவிடும். எஞ்சினைக் குறைந்த வேகத்தில் ஓடவிட்டு, மிதியை முன்னுக்கு ஐந்து செக்கன், பின்னுக்கு ஐந்து செக்கன் என ஐந்தாறு தடவை மெதுவாக அழுத்துங்கள். பிறகு எஞ்சினை நிறுத்தி, கம்பியைப் பழைய நிலைக்குத் தள்ளி, அதே பயிற்சியைத் திரும்பச் செய்யுங்கள். இம்முறை சக்கரங்கள் சுழலத் தொடங்கும். எண்ணெய் மட்டத்தைப் பார்த்துக் குறைந்திருந்தால் நிரப்பிவிட்டு, தரையில் இறக்கி இன்னொரு முறை செய்யுங்கள். இரைச்சலும் திக்கலும் அடங்கும்வரை இரண்டு மூன்று சுற்றுத் தேவைப்படலாம். சக்கரம் உயர்ந்து சுழலும் நேரத்தில் அருகில் சிறுவர்கள் நிற்கக்கூடாது.

காலையில் நன்றாக இழுக்கிறது; அரை மணித்தியாலத்தில் ஏற்றத்தில் நின்றுவிடுகிறது. பெட்டி முடிந்துவிட்டதா?

என்னிடம் மிக அதிகமாக வரும் கேள்வி இதுதான்; உவர்மலைப் பக்கத்துச் சரிவான வளவுகளிலிருந்து வருவதே கூடுதல். பெட்டியைக் குற்றம் சாட்டுவதற்கு முன், காசு செலவில்லாத காரணங்களை ஒவ்வொன்றாக விலக்குங்கள். விடுவிப்புக் கம்பி முழுவதும் உள்ளே போயிருக்கிறதா என்று பாருங்கள். துருவால் பாதியில் நின்றால் எண்ணெயின் ஒரு பகுதி குறுக்குவழியில் திரும்பிவிடும். அடுத்து பெல்ட். கிறீச்சிடும் ஒலியும் இறப்பர் கருகும் மணமும் வந்தால் சறுக்குவது பெல்ட்தான், பெட்டியன்று. அதன் பிறகு காற்றாடியும் செதில்களும். இவை மூன்றும் சரியாக இருந்தும், சத்தமோ மணமோ இல்லாமல், எஞ்சின் சுமையே உணராமல் இலேசாக ஓட, வண்டி மட்டும் தளர்ந்து நின்றால், எண்ணெய் குறைந்திருக்க வேண்டும் அல்லது நீர்த்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் உள்ளே பம்பு தேய்ந்திருக்க வேண்டும்.

எண்ணெயை மாற்றியபின் பழைய பலம் திரும்பினால் நல்லது. சில வாரங்களில் மறுபடி அதே தளர்வு வந்தால் தேய்மானம் உறுதி. அந்நிலையில் இன்னும் தடிப்பான எண்ணெயை ஊற்றிச் சமாளிக்கச் சொல்வார்கள். அது ஒரு பருவத்தைக் கடத்த உதவலாம், ஆனால் அதைத் திருத்தம் என்று நான் சொல்ல மாட்டேன்.

பழுதான வண்டியைக் கயிறு கட்டி இழுத்து வரலாமா?

வேண்டாம். சக்கரம் சுழன்றால் உள்ளிருக்கும் எண்ணெய் மோட்டாரும் சுழலும். எஞ்சின் ஓடாதபோது அதற்கு எண்ணெய் ஊட்டுபவர் யாருமில்லை. விடுவிப்புக் கம்பியை இழுத்துவிட்டு, நடக்கும் வேகத்தைவிடக் குறைவாக, கையால் தள்ளிச் சிறிது தூரம் நகர்த்தலாம். கிண்ணியாவிலிருந்தோ மூதூரிலிருந்தோ கொண்டுவருவதென்றால் சிறிய லொறியில் ஏற்றி வாருங்கள்.

பெல்ட்டை எப்போது மாற்றுவது? அதே நீளத்தில் உள்ளூர்ப் பெல்ட் போடலாமா?

பக்கங்கள் கண்ணாடிபோல் மினுங்கினாலும், நூல் பிரிந்தாலும், குறுக்கே வெடிப்பு ஓடினாலும் மாற்றுங்கள். புல்வெட்டிப் பெல்ட் அடிக்கடி தளர்ந்து இறுகும் வேலைக்கென வலுவான நூல் வைத்துச் செய்யப்படுவது; ஆலைகளுக்கும் கார்களுக்குமான பெல்ட் நீளம் சரியாக இருந்தாலும் சீக்கிரம் நீண்டுவிடுகிறது. பெல்ட்டை மாற்றும்போது இறுக்கும் கப்பியைக் கையால் சுழற்றிப் பாருங்கள். மணல் அரைபடும் ஒலி கேட்டால் அதன் பெயரிங்கையும் சேர்த்து மாற்ற வேண்டும். இறுக்கும் வில்லின் கொக்கி துருவால் மெலிந்திருப்பது கடலோரத்தில் சாதாரணம்.

பின் சக்கரத்தின் உட்பக்கத்தில் எண்ணெய் கசிகிறது. ஏன்?

சக்கரத்தைக் கழற்றி அச்சைச் சுற்றிப் பாருங்கள். பத்தில் சில தடவையாவது அங்கே தங்கூசி எனப்படும் மீன்பிடி நைலோன் நூல் சுற்றியிருக்கும். மீன்பிடிக் கரைக்கு அருகில் உள்ள புல்வெளிகளில் அறுந்த தங்கூசியும் வலைநூலும் புல்லுக்குள் கிடக்கின்றன. அச்சில் சுற்றிய நூல் ஒவ்வொரு சுழற்சியிலும் உள்நோக்கி நகர்ந்து ஒயில் சீலின் உதட்டை வெட்டிவிடுகிறது. நூலை எடுத்தால் மட்டும் போதாது, சீலையும் மாற்ற வேண்டும். புதுச் சீலைப் போடுமுன் அச்சில் கோடு விழுந்திருக்கிறதா என்று நகத்தால் தடவிப் பாருங்கள். வெட்டத் தொடங்குமுன் ஒருவரைக் கரையோரப் புல்லில் நடக்கவிட்டுப் பொறுக்கச் சொல்வது மிக மலிவான பராமரிப்பு.

சக்கரம் அச்சோடு இறுகிவிட்டது, கழற்றவே முடியவில்லை.

சிறிய இயந்திரங்களில் சக்கரம் ஒரு சாவித்துண்டால் அச்சில் பிடிக்கப்பட்டு, நுனியில் ஒரு வளையத்தால் தடுக்கப்பட்டிருக்கும். உப்புக்காற்றில் மூன்று வருடம் கழற்றாமல் விட்டால் இரண்டும் ஒன்றாகிவிடும். துருநீக்கி எண்ணெயை ஊறவிட்டு, நாளுக்கு இருமுறை திரும்பத் தெளித்து, இழுவைக் கருவியால் பொறுமையாக இழுக்க வேண்டும். சம்மட்டியால் அச்சின் நுனியில் அடிக்க வேண்டாம். அந்த அடி உள்ளிருக்கும் பெயரிங்குக்கும் போகும். கழன்றபின் அச்சை உப்புத்தாளால் தேய்த்து, கிறீஸ் தடவி மாட்டுங்கள். வருடத்துக்கு ஒருமுறை, மாரிக்கு முன், இதைச் செய்தால் பிறகு எந்தப் பிரச்சினையுமில்லை.

மழைவெள்ளத்தில் இயந்திரம் அரைவாசி மூழ்கிவிட்டது. ஓட்டிப் பார்க்கலாமா?

ஓட்டிப் பார்ப்பதற்கு முன் எண்ணெய்த் தொட்டியைத் திறந்து பாருங்கள். எண்ணெய் பால்தேநீர் நிறத்தில் இருந்தால் நீர் கலந்துவிட்டது. அதை வடித்து, புதிய எண்ணெய் ஊற்றி, பத்து நிமிடம் சுமையின்றி ஓடவிட்டு, திரும்பவும் வடித்து, மூன்றாவது தடவை ஊற்றுவதை இறுதி எண்ணெயாக வைத்திருங்கள். மூன்று நிரப்பின் செலவு கசக்கும், ஆனால் முதல் இரண்டும் கழுவும் எண்ணெய் என்று எண்ணிக்கொள்ளுங்கள். மூழ்கியது உவர்நீரிலானால் நாளைக்குப் பார்ப்போம் என்று விடாதீர்கள். பெயரிங்குகளில் துரு பிடிக்க அதிக காலம் எடுக்காது.

சாதாரண கியர்த்தடி வகைக்கும் இதே பராமரிப்பா?

அதற்குச் சூட்டுத் தொல்லை குறைவு. அவற்றில் பல எண்ணெய் இல்லாமல், உள்ளே அடைக்கப்பட்ட கிறீஸில் ஓடுகின்றன. அதற்குள் ஒயிலை ஊற்றினால் அச்சுவழியே ஒழுகிவிடும். ஓடும்போது கியர் மாற்றாமல், நிறுத்தி மாற்றினால் நீண்டகாலம் உழைக்கும்.

மாதக்கணக்கில் ஓட்டாமல் நிறுத்தி வைத்தால் கெடுமா?

2022ஆம் ஆண்டு எரிபொருள் தட்டுப்பாட்டின்போது மாதக்கணக்கில் நின்ற இயந்திரங்கள் அதற்கான விடையைத் தந்தன. பெற்றோல் கெட்டுப்போனதைப் பலர் கவனித்தார்கள். விடுவிப்புக் கம்பி இறுகியதையும், பெல்ட் கப்பியில் பதிந்து வடிவம் மாறியதையும், சீலின் உதடு காய்ந்ததையும் ஓட்டத் தொடங்கிய பின்பே அறிந்தார்கள். நிறுத்தி வைக்குமுன் துப்புரவு செய்து, கம்பிக்கும் மிதியின் மூட்டுகளுக்கும் எண்ணெய் விட்டு, கூரையுள்ள காற்றோட்டமான இடத்தில் வையுங்கள். பிளாஸ்டிக் விரிப்பால் இறுக மூடினால் உள்ளே வியர்த்துத் துருவேறும். பழைய சாரம் ஒன்றைப் போர்த்துவது மேல். மாதம் ஒருமுறை பத்து நிமிடம் ஓட்டி, முன்னும் பின்னும் நகர்த்தி விடுங்கள்.

விடுதியில் மணல் வண்டிலும் சிறு வள்ளமும் இழுக்க இதையே பாவிக்கிறார்கள். சரியா?

வீட்டுப் பாவனைத் தொகுதி அதற்காகச் செய்யப்பட்டதன்று. கரைமணலில் சக்கரம் புதையப் புதைய மிதியை முழுவதும் அழுத்தி நிற்பது, அதற்குக் கொடுக்கக்கூடிய மிகக் கொடிய தண்டனை. சரிவைப் பொறுத்தவரை, பெரும்பாலான கையேடுகள் 15 பாகையை எல்லையாகச் சொல்கின்றன. அந்த எல்லை முதலில் ஓட்டுபவர் கவிழாமலிருப்பதற்கானது. கோட்டைப் பக்கத்து மான்களுக்கு மாத்திரமே எந்தச் சரிவிலும் புல் குறைக்கும் உரிமை உண்டு.

உதிரிப்பாகம் கேட்கும்போது என்ன சொல்ல வேண்டும்?

இயந்திரத்தின் பெயரையும் நிறத்தையும் சொன்னால் போதாது. ஒரே பெயரில் வெளிவந்த இயந்திரத்தில் வெவ்வேறு ஆண்டுகளில் வெவ்வேறு தொகுதிகள் பூட்டப்பட்டிருக்கும். பெட்டியின் உடலில் ஒட்டப்பட்ட சிறு தகட்டில் உள்ள இலக்கத்தைத் துடைத்துப் படமெடுத்து, அந்தப் படத்தைக் கொழும்புக் கடைக்கு அனுப்புங்கள். உப்புக்காற்று அந்தத் தகட்டையும் தின்னும் என்பதால், இன்றே ஒரு படம் எடுத்து வைப்பது நல்லது.

வடித்த பழைய எண்ணெயை என்ன செய்வது?

வேலிக்கரையில் ஊற்றுவதும், கறையான் வராதிருக்கக் கதிகாலில் பூசுவதும் இங்கே பழக்கம். எங்கள் மணல்தரையில் கிணற்றுநீர் அதிக ஆழத்தில் இல்லை. ஊற்றியது வடிகட்டப்படாமல் கீழே போகும். மூடியுள்ள கலனில் சேர்த்து, பழைய எஞ்சின் ஒயிலை எடுக்கும் வாகன சேர்விஸ் நிலையத்தில் கொடுங்கள். கொடுக்குமுன் சிறிதளவை வெள்ளைத் துணியில் ஊற்றி வெயிலில் பிடித்துப் பாருங்கள்: மெல்லிய சாம்பல் மினுக்கம் சாதாரண தேய்மானம், விரலில் தட்டுப்படும் அளவு துகள்கள் கிடைத்தால், அடுத்த கச்சானுக்கு முன் புதிய தொகுதிக்குக் காசு சேர்க்கத் தொடங்கலாம்.